நடப்போர்க்கும் மிதிவண்டியோர்க்கும் வழியமைத்தல்

(மூன்றாமாண்டு பி.எஸ்ஸி. புவியியல் மாணவி ஒருவர் எழுதியது)

எம் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டுத் திண்ணையில் ஒரு மிதிவண்டி சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அவள் அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்புப் பயின்றபோது அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டி அது. இரண்டாண்டுகள் அதிலேயே பள்ளிக்குச் சென்று வந்தாள். நம் கல்லூரியில் சேர்ந்த நாள்முதல் அது திண்ணையேறிவிட்டது. கல்லூரி தொலைவில் உள்ளது என்பது காரணமன்று. அவள் ஊரிலிருந்து கல்லூரி வாயில்வரை 6 கிலோமீட்டர். மெல்ல மிதித்தாலும் அரைமணி நேரப் பயணம். அதில் ஐந்தே முக்கால் கிலோமீட்டர் அச்சமின்றிச் செல்லத்தக்க சாலையே. எஞ்சிய கால் கிலோமீட்டரில்தான் புறவழிச்சாலை குறுக்கிடுகிறது.

இப்போது அவள் நகரப் பேருந்தில் வருகிறாள். 2021ஆம் ஆண்டுமுதல் மகளிர்க்கு அதில் கட்டணமில்லை; எங்கள் வழித்தடத்தில் நேரமும் இல்லை என்பதை அவ்வழி வரும் தோழியர் அறிவர். முதல் மணி வகுப்புத் தவறத் தவற, இரண்டாமாண்டில் அவளுடைய வருகைப் பதிவு குறைந்தது. தேர்வெழுதத் தண்டத்தொகை கட்டினாள். தொகை பெரிதன்று. ஆனால் அதை வீட்டில் சொன்னபோது, ‘இனிப் படித்தது போதும்’ என்றொரு பேச்சு எழுந்தது. அப்பேச்சே இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டிற்று. கால் கிலோமீட்டர் சாலை ஒரு பெண்ணின் பட்டப்படிப்பை அசைக்க முடியுமா என்று கேட்கலாம். முடியும் என்பதே நகரமைப்பு வல்லுநர் பட்டறிந்து கூறும் விடை.

நடப்போர் எத்தனை பேர்?

சாலை என்றவுடன் நம் கண்முன் தோன்றுவது மோட்டார் வாகனமே. ஆயின் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறொரு காட்சியைக் காட்டுகிறது. அக்கணக்கெடுப்பில் உழவும் வீட்டுத் தொழிலும் அல்லாத பிற வேலைகளுக்குச் செல்வோரிடம், எவ்வாறு செல்கிறீர்கள் என்று கேட்கப்பட்டது. நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேர் நடந்தும், 13 பேர் மிதிவண்டியிலும் சென்றனர். காரில் சென்றவர் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. அதே கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்கு 45இல் மிதிவண்டி இருந்தது. கார் இருந்த குடும்பங்கள் 5க்கும் குறைவு. அதன்பின் மோட்டார் வண்டிகள் மிகப் பெருகிவிட்டன என்பது உண்மையே. எனினும் பேருந்தில் செல்பவரும் நிறுத்தம்வரை நடக்கத்தான் வேண்டும். ஆகவே நடப்போரும் மிதிவண்டியோரும் ஓரத்தில் ஒதுக்கத்தக்க சிறு கூட்டம் அல்லர்.

மிதிவண்டி கல்வியோடு கொண்ட உறவும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரித் தொழிலாளர், செவிலியர், ஆசிரியைகள் எனப் பலரும் கற்றனர். பெண்களுக்கான மிதிவண்டி போதாமையால் பலர் ஆண்கள் வண்டியையே ஓட்டினர் என்றும், முன்கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ள அதுவே வசதி எனச் சிலர் கருதினர் என்றும் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். என் பாட்டியார் இச்செய்தியைக் கேட்டு, ‘அந்தக் கம்பியிலதான்டி உங்க அம்மாவ உக்கார வச்சுக்கிட்டு உங்க தாத்தா போவாரு, மிதிக்க எனக்கு ஆருடி சொல்லித் தந்தா?’ என்றார்.

தமிழக அரசு 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கிப் பின்னர் அத்திட்டத்தை விரிவாக்கிற்று. பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியர்க்கு இத்தகைய திட்டம் ஒன்றைக் கொணர்ந்தது. கார்த்திக் முரளிதரன், நிஷீத் பிரகாஷ் என்னும் பொருளியலறிஞர் இருவர் அதனை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரை, உயர்நிலைப் பள்ளியில் மாணவியர் சேர்க்கை நூற்றுக்கு 32 விழுக்காடு உயர்ந்தது என்றும், ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு சுருங்கிற்று என்றும் காட்டுகிறது. பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பயன் மிகுதி. தொலைவைக் குறைத்தால் படிப்பு வளரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஆயின் இதன் மறுபுறமும் உண்டு. மிதிவண்டி கொடுத்துத் தொலைவைக் குறைக்கலாமெனில், சாலையை அறுத்துத் தொலைவைக் கூட்டவும் செய்யலாம் அல்லவா?

ஹாலந்தின் பாடம்

மிதிவண்டி நாடு என்று இன்று உலகம் புகழ்வது நெதர்லாந்தை. ஹாலந்து என்று நாம் வழங்குவதும் அதனையே. அந்நாட்டார் இயல்பாகவே மிதிவண்டிப் பற்றுடையவர், நிலமும் சமவெளி, ஆகவே அங்கு அது எளிதாயிற்று என்று சிலர் கூறுவர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். வரலாறு அவ்வாறு இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அங்கும் கார்கள் பெருகின. மிதிவண்டிப் பயணம் ஆண்டுதோறும் குறைந்தது. ஆம்ஸ்டர்டாம் போன்ற நகரங்களில் கார்களுக்காகத் தெருக்கள் அகலமாயின. 1971ஆம் ஆண்டு மட்டும் அச்சிறு நாட்டின் சாலைகளில் ஏறத்தாழ 3,300 பேர் மாண்டனர். அவருள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள்.

விபத்தில் தம் குழந்தையை இழந்த பத்திரிகையாளர் ஒருவர், விக் லாங்கென்ஹாஃப் என்பவர், 1972இல் ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்னும் பொருள்படும் தலைப்பிட்டு நாளிதழில் எழுதினார். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோரும் பிள்ளைகளும் தெருக்களை அடைத்து அமர்ந்தனர், விளையாடினர். மறு ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்தது. 1973 நவம்பர் 4 தொடங்கிச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அரசே கார் ஓட்டத்தைத் தடுத்தது. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் நடந்தும் மிதிவண்டியிலும் சென்று பார்த்தனர். 1975இல் மிதிவண்டியோர் சங்கம் தோன்றிற்று. 1977இல் கிரோனிங்கன் நகர மன்றம் நகர நடுவத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து, கார் ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்கு நேரே செல்லாமல் வெளிவட்டச் சாலைக்குச் சென்று சுற்றியே வரவேண்டும் என்று அமைத்தது. நடப்போரும் மிதிவண்டியோரும் நேரே செல்லலாம். கடைக்காரர் பலர் கடுமையாக எதிர்த்தனர், மன்றம் பின்வாங்கவில்லை. இன்று அந்நாட்டில் நிகழும் பயணங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேல் மிதிவண்டியில் நிகழ்கிறது.

நமக்கு இதைவிடப் பயன்படும் பாடம் ஒன்று அந்நாட்டின் தவறிலிருந்து கிடைக்கிறது. 1970களின் நடுவில் நடுவண் அரசு பெரும்பொருள் தந்து தி ஹேக், டில்பர்க் ஆகிய இரு நகரங்களில் மாதிரி மிதிவண்டிப் பாதைகளை அமைத்தது. அகலமானவை, அழகானவை. பக்கத்துத் தெருக்களில் சென்றுகொண்டிருந்த மிதிவண்டியோர் அவற்றுக்கு மாறினர். ஆனால் நகரில் மிதிவண்டி ஓட்டுவோர் தொகை எதிர்பார்த்தபடி கூடவில்லை. ஏன்? வீட்டிலிருந்து அப்பாதைக்கு வரவும், அப்பாதையிலிருந்து பள்ளிக்குச் செல்லவும் பழைய அச்சமே நீடித்தது. தொடக்கமும் முடிவும் இல்லாத நடுப்பகுதி மட்டும் சிறந்திருந்து என்ன பயன்?

இதனையுணர்ந்த டெல்ஃப்ட் நகரம் 1979இல் வேறுவகைத் திட்டம் தீட்டிற்று. பாதை ஒன்று என்பதை விட்டு, வலை என்று எண்ணினர். ஊர் முழுவதற்கும் 400 முதல் 600 மீட்டர் இடைவெளியில் ஓடும் பெருவலை. வட்டாரத்துக்கு 200 முதல் 300 மீட்டர் இடைவெளியில் இடைவலை. குடியிருப்புக்குள் 100 முதல் 150 மீட்டரில் நுண்வலை. நரம்பும் கிளைநரம்புமாக ஆலிலையில் காண்கிறோமே, அதுபோல. புதிதாக இட்ட பாதைகள் சிலவே. கால்வாயின் மேல் ஒரு சிறு பாலம், இருப்புப்பாதைக்கு அடியில் ஒரு சுரங்கவழி, ஒருவழித் தெருவில் மிதிவண்டிக்கு மட்டும் இருவழி இசைவு என்று, அறுபட்ட இடங்களைத் தேடித் தேடித் தைத்தனர். 1982 முதல் 1987 வரை பணி நடந்தது. முன்னரே நூற்றுக்கு 40 ஆக இருந்த மிதிவண்டிப் பயணப் பங்கு 43 ஆயிற்று. மூன்றுதானே என்று தோன்றும். உச்சியில் நிற்பவர் மேலும் ஏறுவது கடிது என்பதை நினைக்க வேண்டும்.

பின்னாளில் டச்சுப் பொறியாளர் தொகுத்த கையேடு, நல்ல வழிக்கு ஐந்து இலக்கணம் கூறுகிறது: தொடர்ச்சி, நேர்மை, பாதுகாப்பு, வசதி, இனிமை. தொடர்ச்சியை முதலில் வைத்தது கருதத்தக்கது. நேர்மை என்பது இங்கே சுற்றாமை. கார் ஓட்டுபவர் ஒரு கிலோமீட்டர் சுற்றினால் ஒரு நிமிடம். நடப்பவர் சுற்றினால் கால்மணி நேரமும் அவர் உடலின் உழைப்பும். ஏனைய மூன்றும் எளிதில் விளங்குவன.

விரைவும் உயிரும்

பாதுகாப்பு பற்றி இயற்பியல் மாணவர் ஒருவர் உதவியால் நாங்கள் செய்த சிறு கணக்கை மட்டும் இங்கே தருகிறேன். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகிறது என்றும், உலர்ந்த சாலையில் வண்டியின் வேகம் நொடிக்கு நொடி 7 மீட்டர் வீதம் குறைகிறது என்றும் கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வண்டி 13 மீட்டரில் நின்றுவிடும். 50இல் வரும் வண்டிக்கு 28 மீட்டர் வேண்டும். 80இல் வருவதற்கு 57 மீட்டர். இதில் வியப்பு யாதெனில், 50இல் வரும் ஓட்டுநர் அந்த முதல் ஒரு நொடியிலேயே ஏறத்தாழ 14 மீட்டர் கடந்துவிடுகிறார். அதாவது 30இல் வந்த வண்டி முற்றாக நின்றுவிட்ட இடத்தில், 50இல் வந்தவர் பிரேக்கை இன்னும் தொடக்கூட இல்லை. மோதும் ஆற்றலோ விரைவின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவது. 30ஐ விட 80இல் அது ஏழு மடங்கு. குடியிருப்புத் தெருக்களுக்கு 30 என்ற வரம்பைப் பல நாடுகள் கைக்கொண்டது இக்கணக்கினால்தான். அறிவிப்புப் பலகை நட்டால் மட்டும் வண்டி மெதுவாகாது என்பது வேறு செய்தி. தெரு குறுகி, வளைந்து, மேடிட்டு இருந்தால் ஓட்டுநர் தாமே மெதுவாவார்.

நாங்கள் அளந்தது

இனித் தோழியின் சாலைக்கு வருவோம். செய்முறைப் பாடத்துக்குரிய அளவைச் சங்கிலி, நாடா, சமதளப் பலகை ஆகியவற்றைத் துறைத் தலைவரின் இசைவோடு எடுத்துக்கொண்டு, சென்ற டிசம்பரில் நாங்கள் அறுவர் அவள் ஊரிலிருந்து கல்லூரிவரை நடந்தோம். ஏரிக்கரைச் சாலை நிழலுடையது. ஊராட்சிச் சாலையில் வண்டிகள் குறைவு. நகர எல்லைக்குள் நடைமேடை உண்டு. அதன்மேல் மின்மாற்றி, கடைப் பலகை, இருசக்கர வண்டிகள். மெய்யான சிக்கல் புறவழிச்சாலையில்.

பழைய சாலை அங்கே புறவழிச்சாலையை நேராகக் கடந்தது. விபத்துகள் நேர்ந்தபின் நடுத்திட்டின் திறப்பைக் கான்கிரீட் தடுப்பால் அடைத்துவிட்டனர். அடைத்ததில் குற்றமில்லை, அடைத்தபின் மாற்றுவழி தராததுதான் குற்றம். அடுத்த திறப்பு கிழக்கே ஒன்றரை கிலோமீட்டரில் உள்ளது. போய்த் திரும்பினால் மூன்று கிலோமீட்டர் கூடுதல். 6 என்பது 9 ஆகிறது. அணுகுசாலையோ பாதியிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே மக்கள் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். ஒன்று, எதிர்த்திசையில் ஓட்டுவது. மற்றது, மிதிவண்டியைத் தூக்கித் தடுப்பின்மேல் வைத்து அப்புறம் இறக்குவது. எங்கள் கண்முன்னே பால் கறவைக்காரர் ஒருவர் பாத்திரத்தை முதலில், வண்டியைப் பின்னர், தம்மை இறுதியில் கடத்தினார்.

ஒருபுறச் சாலையின் அகலம் 7 மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் நடை எனக் கொண்டால் கடக்க 6 நொடி. 80இல் வரும் வண்டி அந்த 6 நொடியில் 133 மீட்டர் வந்துவிடும். அவ்வளவு தொலைவு வெற்றிடம் பார்த்துத்தான் இறங்க வேண்டும். கடந்தபின் நடுத்திட்டில் நிற்க இடம் வேண்டும். மிதிவண்டியின் நீளம் 1.8 மீட்டர் இருக்கும். திட்டு அதைவிடக் குறுகலானால் பின்சக்கரம் சாலையிலே நீட்டிக்கொண்டிருக்கும். முதலாண்டின் முதல் வாரத்தில் தோழிக்கு நேர்ந்தது அதுவே. லாரி ஒன்று பின்சக்கரத்தின் மட்கார்டை உரசிச் சென்றது. அவளுக்குக் காயமில்லை. அன்றோடு வண்டி திண்ணையேறிற்று.

முனையில் டீக்கடை வைத்திருக்கும் பெரியவர் எங்கள் சங்கிலியைப் பார்த்து, ‘மறுபடியும் ரோடு போடப் போறீங்களா தாயி?’ என்று கேட்டார். இல்லை, வழியை அளக்கிறோம் என்றோம். ‘ரோட்டப் போட்டாங்க, வழிய எடுத்துட்டாங்க’ என்றார். டெல்ஃப்ட் பற்றி நான் படித்த பக்கங்கள் யாவும் இந்நான்கு சொற்களில் அடங்கிவிட்டன போலத் தோன்றிற்று.

இவ்விடத்தில் நடைமேம்பாலம் கட்டலாமே என்று சிலர் கூறினர். கூடாது என்பது என் கருத்து. மேம்பாலம் நெடுஞ்சாலைக்கு மேல் 5.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும். தளத்தின் கனத்தையும் சேர்த்தால் 6 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். இருபதுக்கு ஒன்று என்ற சாய்வில் மிதிவண்டிக்குச் சரிவுப்பாதை அமைத்தால் பக்கத்துக்கு 120 மீட்டர். யார் ஏறுவர்? முதியவர் ஏறார்; தடுப்பையே தாண்டுவர். சுரங்கவழிக்கு மனிதன் உயரமும் சற்று இடைவெளியும் போதும்; 2.5 மீட்டர். மேலும் மிதிவண்டியில் முதலில் இறங்குகிறோம், அந்த ஓட்டத்திலேயே மறுபுறம் ஏறிவிடுகிறோம். டச்சுப் பொறியாளர் நெடுஞ்சாலையைச் சிறிது உயர்த்திச் சுரங்கத்தின் ஆழத்தைக் குறைப்பர். எங்கள் இடத்தில் புறவழிச்சாலை முன்னரே கரைபோல உயர்ந்துள்ளது. அதற்கடியில், பழைய சாலைக்கு அறுபது எட்டு தள்ளி, ஏரிக் கலங்கு நீர் செல்லும் சிறுபாலம் ஒன்றும் உண்டு. கோடையில் ஆடு மேய்ப்போரும் பள்ளிப் பிள்ளைகளும் குனிந்து அதன்வழியே கடக்கின்றனர். வழி எங்கே வேண்டும் என்பதை மக்களின் கால்கள் முன்னரே வரைந்துவிட்டன. அதன் பக்கத்தில் உயரமான மற்றொரு கண் திறந்தால் போதும். ஐப்பசி கார்த்திகையில் நீர் தேங்கும் என்ற மறுப்பு நேர்மையானதே. நடைபாதைத் தளத்தை வாய்க்கால் அடியைவிட உயர்த்தி, வடிகாலும் விளக்கும் வைத்தாக வேண்டும். விளக்கில்லாச் சுரங்கத்தில் மாலையில் பெண்கள் நுழையமாட்டார்கள். அதனைக் கட்டுவதும் கட்டாததும் ஒன்றே.

விதிகள் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வண்டிகளை அன்று, மக்களை இடம்பெயர்ப்பதே நோக்கம் என்றது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட நெறிமுறை, நடைமேடையில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர், உயரம் 15 சென்டிமீட்டருக்கு மிகாமை என்று வரையறுத்தது. 2014இல் சென்னை மாநகராட்சி தன் போக்குவரத்துச் செலவில் நூற்றுக்கு 60 பங்கையேனும் நடை, மிதிவண்டி வசதிகளுக்கு ஒதுக்குவது என்னும் கொள்கையை ஏற்றது. 2019இல் பாண்டி பஜாரில் அகன்ற நடைவளாகம் திறக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று கூறியிருக்கிறது. பாண்டி பஜாரை நான் கண்டிருக்கிறேன், மகிழ்ந்திருக்கிறேன். ஆயினும் தி ஹேக் நகரின் அழகிய பாதையும் என் நினைவுக்கு வந்தது. ஒரு தெரு சிறப்பது ஊர் சிறப்பதாகாது.

எங்கள் அளவுகளை வரைபடமாக்கி, மாணவர் கையொப்பத்துடன் உரிய அலுவலகத்தில் சனவரியில் கொடுத்தோம். பெற்றுக்கொண்டமைக்கு முத்திரையிட்ட படி கிடைத்துள்ளது. இடத்தைப் பார்வையிட ஒருவர் வந்ததாக டீக்கடைப் பெரியவர் சொன்னார். தோழி இப்போது விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து, வகுப்புத் தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்பே வந்து, நூலகத் திண்ணையில் அமர்ந்து படிக்கிறாள். இறுதித் தேர்வுக்கு அவள் வருகைப் பதிவு போதுமானதாக உள்ளது.

கல்லூரிக்கு ஐந்து சாலைகள் வருகின்றன. நாங்கள் அளந்தது ஒன்றே. வரைபடத்தின் மூலம் துறையின் இரண்டாம் அலமாரியில் இருக்கிறது. அறுபட்ட இடங்களைச் சிவப்புப் பென்சிலால் குறித்திருக்கிறோம். மேற்குச் சாலையில் இருப்புப்பாதைக் கதவருகே இதே துன்பம் என்று இரண்டாமாண்டுத் தோழியர் கூறுகின்றனர். சங்கிலியில் இரண்டு வளையங்கள் நெளிந்துள்ளன. எடுத்துச் செல்வோர் முதலில் நாடாவோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக் கொள்க.